வாள் கேட்டவனுக்கு லைட் வேலை

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி மேலே ஏறினால் வரும் தேயிலை எஸ்டேட் ஒன்றில், ஃபேக்டரி கிளார்க்காக இருந்தேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆடி மாதம். அந்தப் பக்கத்து மழை ஆரம்பித்தால் வாரக்கணக்கில் விடாது. மூணாறுக்குப் போய்ப் படம் பார்க்கலாம் என்றால் ஜீப் வராது. வந்தாலும் வழியில் எங்காவது மண் சரிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றைத் தின்றுவிட்டு மனுஷன் எவ்வளவு நேரம்தான் தூங்குவான்?

அப்படிச் சும்மா கிடந்த காலத்தில்தான் எங்களுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. எஸ்டேட் லாரி டிரைவரின் மச்சினன் தூத்துக்குடியில் இருந்து கப்பலில் வேலைக்குப் போனவன். லீவில் வந்தபோது, கப்பலில் வெள்ளைக்காரர்கள் புதிதாக ஒன்று விளையாடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கு ஒரு தாள். தாளில் ஒரு வீரனை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அவனுக்கு என்னென்ன சண்டை தெரியும் என்று எழுத வேண்டும். ஒருவர் மட்டும் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் தங்கள் வீரன் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். இவ்வளவுதான் அவனுக்கே தெரியும். அதைக் கேட்ட டிரைவருக்கு அதில் பாதி தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை நாங்களே கட்டினோம்.

கட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். பழைய கொழுந்து ரிஜிஸ்டர் ஒன்றின் பின்பக்கங்களில் சட்டதிட்டம் முழுவதையும் எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆபீசில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு திமிரே வந்திருந்தது. வாள்வீச்சு, வில், ஈட்டி, சிலம்பம், மற்போர், கவண், குதிரையேற்றம் என்று ஒரு பட்டியல். அதற்குக் கீழே காயக்கட்டு, சமையல், காவல், ஒற்று என்று உதிரி வேலைகள். புது வீரன் ஒவ்வொருவனுக்கும் பத்துப் புள்ளி. அதை அவன் இஷ்டப்படி வித்தைகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரு வித்தைக்கு ஆறுக்கு மேல் போடக் கூடாது. பகடைக்குப் பதில் பித்தளைத் தாயக்கட்டை. வித்தையின் புள்ளியும் கட்டையில் விழுந்ததும் சேர்ந்து எட்டைத் தாண்டினால் அடி பலித்தது என்று அர்த்தம்.

டிரைவர் குதிரையேற்றத்துக்கு ஆறு, வாளுக்கு நாலு போட்டார். லாரியை எப்படி ஓட்டுவாரோ அப்படித்தான் குதிரையையும் ஓட்டினார். இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்தார். எங்களோடு இன்னொருவர் டிஸ்பென்சரி கம்பவுண்டர், தொடுபுழாக்காரர். மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார். "எனக்கு வில்லு மதி, வேற ஒண்ணும் வேண்டா. தூரத்துல நின்னு எய்யாம், அடி கிட்டில்லல்லோ" என்று சொல்லி வில்லில் ஆறு புள்ளி போட்டு, அம்புக்கு விஷம் தடவ அனுமதி கேட்டு என்னிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார். கதை சொல்பவன் நான். அதனால் மழை, காடு, எதிரி, சட்டம் எல்லாம் நானே. உண்மையைச் சொன்னால், வாரத்தில் ஆறு நாள் கைகட்டி நின்றவனுக்கு அந்த ஒரு மதியம் ராஜா வேஷம் கிடைத்த மாதிரி இருந்தது.

இப்போது என் நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அவனும் ஒரே லைனில் பிறந்து வளர்ந்தவர்கள். லைன் என்றால் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் பத்தாவது பாஸாகி ஆபீசுக்குப் போனேன். அவன் ஃபேக்டரி ரோல் ரூமுக்குப் போனான். வாடிய கொழுந்தைக் கசக்கிச் சுருட்டுகிற இயந்திரம் அங்கேதான் இருக்கும். ரோலர் என்போம். அதன் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட கைகாரன். அந்த வருஷம் மாசி மாதம், அதே ரோலர் அவனுடைய வலது கையில் மூன்று விரல்களை வாங்கிக்கொண்டது. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

காயம் ஆறியதும் அவனுக்கு லைட் வேலை கொடுத்தார்கள். வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், அடிபட்டவர்கள் ஆகியோருக்கு எஸ்டேட்டில் கொடுக்கிற இலகுவான வேலை அது. கம்பவுண்டர் சீட்டு எழுதுவார். நான் லிஸ்டில் ஏற்றுவேன். காலையில் ஃபேக்டரி வாசலில் பெரட்டு நடக்கும். பேர் வாசித்து வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். ரோல் ரூம் ஆட்களை முதலில் வாசிப்பேன். லைட் வேலைக்காரர்களைக் கடைசியில் வாசிப்பேன். நாலு மாதம் அவன் பேரைக் கடைசியாக வாசித்தது என் வாய்தான். தூளைச் சலிக்கிற அறையில் பெண்களோடு உட்கார்ந்து குச்சி பொறுக்குகிற வேலை. அவன் "அய்யா" என்று குரல் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போவான்.

ஆடி பிறந்ததும் ஃபேக்டரி ஆபீசர் அவனைக் கூப்பிட்டார். மறுபடியும் ரோல் ரூமில் நின்று பார்க்கிறாயா, இல்லை கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறாயா, பத்து நாளில் பதில் சொல் என்றார். நல்ல மனுஷர், இரண்டில் எதைச் சொன்னாலும் சம்மதிப்பதாகத்தான் சொல்லியிருந்தார். முடிவு அவன் கையில். இது எனக்கும் தெரியும். என் மனசுக்குள், இவன் அந்த இயந்திரத்துப் பக்கமே போகாமல் இருந்தால் நல்லது என்றுதான் இருந்தது. ஆனால் அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடையை மடக்கிக்கொண்டு என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான். "நானும் சேந்துக்கிடலாமாலே?" என்றான். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஐந்து மாதமாக ஒருவரோடும் பேசாமல் இருந்தவன் தானாக வந்து கேட்கிறானே! அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து பார்த்தான். கிளம்பும்போது வித்தைப் பட்டியலை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னான். "என் ஆளுக்கு என்னென்ன வேணும்னு ஒரு வாரம் யோசிச்சுட்டு வாரேன்" என்றான். ஒரு விளையாட்டுக்கு ஒரு வாரம் யோசிக்கிறவனைப் பார்த்து டிரைவர் சிரித்தார். அவனும் சிரித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டான். முகத்தில் ஒரு தெளிவு. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். அதைப் பிரித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"என்னலே இது, கோழி கிளறுனாப்ல எழுதியிருக்க?"

அவன் வெட்கப்பட்ட மாதிரி லேசாகச் சிரித்தான். நான் தாளை மேலோட்டமாகப் பார்த்தேன். 'வாள்வீச்சு' என்ற சொல்லும் அதற்கு எதிரே ஆறு என்ற எண்ணும் கண்ணில் பட்டன. அதற்கு மேல் படிக்கவில்லை. என் மூளை வேறு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வாளா? இவனா? இவன் வீரன் வாளைத் தூக்கும்போதெல்லாம் இவனுக்குத் தன் கை ஞாபகம் வருமே. டிரைவர் வேறு வாய்த்துடுக்கு. எந்தக் கையில் பிடிப்பாய் என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டால்? பாவம், நாமே பார்த்துச் சுலபமாக ஏதாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

பென்சிலை எடுத்து அவன் எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டேன். ரிஜிஸ்டரில் என் முத்தான கையெழுத்தில் அவன் வீரனுக்குப் புதிதாக எழுதினேன். காயக்கட்டு நாலு. சமையல் மூன்று. காவல் மூன்று.

"உன் ஆளுக்குச் சிரமம் இல்லாமப் போட்டுட்டேன். கூடாரத்துலயே இருந்துக்கிடலாம், அடிபட்டு வாரவனுக்குக் கட்டுப் போட்டாப் போதும்" என்றேன்.

அவன் ரிஜிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதையிலயும் எனக்கு லைட் வேலதானாலே?" என்றான்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் சுதாரித்திருப்பேன். கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். சீட்டு எழுதுகிறவர் அல்லவா, அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்கும். டிரைவர்தான், "அவன் கேக்கதக் குடுத்துட்டுப் போயேம்டே, உங்க அப்பன் வீட்டு வாளா?" என்றார். அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எழுதியதை அடிப்பது கிளார்க்குக்குக் கௌரவக் குறைச்சல் இல்லையா? "கதை சொல்லுதவன் வச்சதுதான் சட்டம். மொத நாளே பேசினதுதானே?" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. அன்று மதியம் முழுவதும் உட்கார்ந்து விளையாடினான்.

உப்பு ஏற்றிப்போன மாடுகளைக் கொள்ளைக் கூட்டம் ஒன்று கடத்திவிட்டது. காட்டைக் கடந்து போய் அவற்றை மீட்க வேண்டும். அதுதான் அன்றைய கதை. டிரைவர் குதிரையில் பாய்ந்தார். கம்பவுண்டர் மரத்தில் ஏறி அம்பு விட்டார். அவன் முறை வந்தது.

"உன் ஆளு என்ன செய்யுதான்?"

"நிக்கான்."

ஒரு சுற்று போனது. மறுபடி கேட்டேன். "நிக்கான்" என்றான். மூன்றாவது சுற்றிலும் அதுவேதான். எனக்கே சங்கடமாகிவிட்டது. அவனுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று கதையைத் திருப்பினேன். "எதிரி ஒருத்தன் கத்தியோட உன் கூடாரத்துக்கு வாரான். இப்ப என்ன செய்யுத?"

"வாள் இல்லையே. நிக்கான்."

"என் வாளக் குடுக்கேன், பிடி!" என்று டிரைவர் பாதிக் கதையில் கத்தினார். அதற்கும் நான் விடவில்லை. வாள் வித்தை இல்லாதவன் வாளைத் தூக்கக் கூடாது என்று ரிஜிஸ்டரில் விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். கடைசியில் டிரைவர் தாயக்கட்டையை உருட்டி, குதிரையில் வந்து எதிரியை வெட்டி, அவன் வீரனைக் காப்பாற்றினார். எல்லோரும் கைதட்டினோம். அவனும் சிரித்தான். டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனான். மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு அவன் இறங்கிப் போனதைப் பார்த்து, பரவாயில்லை, வருத்தப்படவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் திங்கள்கிழமை. பதில் சொல்லவேண்டிய நாள். பெரட்டில் பேர் வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அவன் பேரை வாசித்தபோது 'அய்யா' என்ற குரல் வரவில்லை. இரண்டாம் தடவை வாசித்தேன். அப்போது ஆபீசர் வெளியே வந்தார். "அந்தப் பேர அடிச்சிருங்க. கணக்க முடிச்சுக்கிறதாச் சொல்லிட்டான்" என்றார். வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். என் கையில் நேற்றைய அதே பென்சில்.

மதிய இடைவேளையில் லைனுக்கு ஓடினேன். அவன் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் கயிற்றை ஒரு முனையில் பல்லால் கடித்து, இடது கையால் இறுக்கிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பிடிக்கக் கை நீட்டினேன். "விடுடே, நான் கட்டிக்கிடுதேன்" என்றான்.

"எம்மேல கோவமாலே?"

"கோவிச்சுக்கிட்டுப் போகலடே" என்றான். நிதானமாகத்தான் பேசினான். "சின்னதுல இருந்து கூடயே கெடந்தவன் நீ. ஒனக்கே என் கையில ஒரு பொய் வாளக் குடுக்க மனசு வரல. நெசமான ரோலர என்னைய நம்பி எவன் விடுவான்? ஆபீசர் விட்டாலும், பக்கத்துல நிக்கவன் வேலையப் பாக்க மாட்டான், என் கையத்தான் பாத்துக்கிட்டு நிப்பான்."

"ஏலே, அது வெறும் வெளையாட்டு!"

"அதத்தாம்லே நானும் சொல்லுதேன்."

இன்று வரைக்கும் அதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

புதன்கிழமை மழை கொஞ்சம் விட்டது. ஜீப் வந்தது. மூணாறு போய், அங்கிருந்து போடி பஸ்ஸைப் பிடித்து, அவன் மனைவியின் ஊரான கம்பத்துக்குப் போவதாக ஏற்பாடு. டிரைவரும் நானும் சாமான்களை ஏற்றினோம். அவன் முன்னால் ஏறிவிட்டான். அவன் மனைவி பின்னால் நின்றிருந்தாள். கொழுந்து கிள்ளுகிற பெண், அதிகம் பேச மாட்டாள். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம காலையில வரைக்கும் ரோல் ரூமுக்குத்தான் போவேன்னு இருந்தாரு அண்ணே. அந்த ஒரு வாரம் பூரா விறகுக் கட்டைய எடக்கையில பிடிச்சுப் பொறவாசல்ல வீசிக்கிட்டே இருந்தாரு. பிள்ளைய எல்லாம் சிரிச்சுதுவ. பெறவு சிலேட்ட எடுத்துவச்சு எடக்கையாலயே எழுதிப் பழகினாரு. ஒங்களுக்கு ஒரு தாள் எழுதணும்னு."

ஜீப் கிளம்பிவிட்டது. அவன் கையை வெளியே நீட்டி ஒருமுறை ஆட்டினான். இடது கை.

குவார்ட்டர்ஸுக்கு வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினேன். தாள் அதற்குள்ளேயே கிடந்தது. இப்போது உட்கார்ந்து படித்தேன். கோடு கோணலாக, பெரிய பெரிய எழுத்தாக, ஒரு வரி மேலேயும் ஒரு வரி கீழேயுமாக இருந்தது. நான் கோழி கிளறியது என்று சொன்ன எழுத்து. மடிப்பில் விழுந்து கசங்கியிருந்த முதல் இரண்டு சொற்களை அன்று நான் பார்க்கவே இல்லை.

'இடது கை வாள்வீச்சு – 6. எதிரி என் வலது கையைத்தான் பார்ப்பான். அடி இந்தப் பக்கம் இருந்து வரும். மற்போர் – 2. குதிரை – 2.'

அதன் மேல் என் பென்சில் கோடு.

நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. ஒரு வாரம் யோசித்து, அந்தக் கையை வைத்துக்கொண்டே தன்னால் எதைச் செய்ய முடியும் என்று கண்டுபிடித்து, அதை எழுத இன்னொரு கையையும் பழக்கி எடுத்துக்கொண்டு வந்தான். ஆபீசரிடம் பதில் சொல்வதற்கு ஒரு நாள் முன்னால், முதலில் என்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறான். எனக்கு அது தெரியவில்லை. லைட் வேலை லிஸ்டை நாலு மாதம் எழுதி எழுதி, அவன் பேரைப் பார்த்ததும் என் கை தானாக அதையே எழுதிவிட்டது.

கம்பத்து விலாசம் விசாரித்து ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதத் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த விளையாட்டை நாங்கள் யாரும் எடுக்கவில்லை. டிரைவர் ஓரிரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நாலைந்து வருஷம் கழித்து, கம்பத்துக்கு லோடு ஏற்றிப்போன டிரைவர் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். மாவு மில் ஒன்றில் இயந்திரம் ஓட்டுகிறானாம். சுற்றிக்கொண்டிருக்கிற சக்கரத்தில் பெல்ட்டை இடது கையாலேயே தள்ளி மாட்டுகிறானாம், பார்க்கிறவர்களுக்குத்தான் பயமாக இருக்கிறதாம். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்னைய விசாரிச்சானா?" என்றேன்.

டிரைவர் தோள் துண்டை எடுத்து உதறினார். பிறகு சொன்னார்: "கேட்டான். 'இன்னும் அவந்தான் பேர் வாசிக்கானா'ன்னு கேட்டான்."

ஆமாம், நான்தான் வாசித்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் வாசித்தேன். லைட் வேலை லிஸ்டில் ஒரு பேரை ஏற்றுவதற்கு முன்னால், அந்த ஆளைக் கூப்பிட்டு உனக்கு என்ன வேலை வேண்டும் என்று கேட்கிற பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. சிலர் குச்சி பொறுக்கவே பிரியப்பட்டார்கள். சிலர் நான் எதிர்பார்க்காத வேலையைக் கேட்டார்கள். முடிந்தவரை ஆபீசரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். அதனால் பழைய கணக்கு நேராகிவிடவில்லை.

தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒருநாள் அந்தப் பென்சில் கோட்டை ரப்பரால் அழித்துப் பார்த்தேன். அவன் எழுதியதும் பென்சிலால்தான் என்பதால் கோட்டோடு சேர்ந்து எழுத்தும் மங்க ஆரம்பித்தது. பயந்து நிறுத்திவிட்டேன். நண்பன் கேட்ட வாளை நான் கொடுக்கவில்லை என்பதுகூட ஒரு மாதிரி ஆறிப்போகும். அவன் கேட்டது என்ன என்று முழுசாகப் படிக்கக்கூட இல்லையே என்பதுதான், கையில் பென்சிலை எடுக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.